மூதூர்க் களஞ்சியத்தின் மிச்சம்

பூரணிக்கும் அந்தக் கொம்பியூட்டருக்கும் ஆரம்பத்திலிருந்தே பொருத்தமில்லை. கொழும்பிலிருந்து லொறியில் சாமான் வந்து இறங்கியதும், அதற்குரிய கொள்வனவுக் கட்டளையைத் திரையில் திறந்து, நான்கு களஞ்சியங்களுக்கும் பிரித்துப் போடுவதுதான் அவளுடைய வேலை. ஓர்ஸ் ஹில், மூதூர், குச்சவெளி, புல்மோட்டை என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்துக்குப் பெயர் மிச்சம். அந்த மிச்சம் பூச்சியத்துக்கு வந்தால்தான் சேமிக்க விடும். ஒரே ஒரு பாய்க்கு இடம் சொல்ல மறந்திருந்தாலும் போதும், சிவப்பு நிறத்தில் முழிசிக்கொண்டு நிற்கும். "உனக்கு ஒரு பாய் பெரிசாப் போச்சு, என்ன?" என்று பூரணி அதனோடு வாய்விட்டே சண்டை பிடிப்பாள். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போயிற்று.

வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஓர் உதவி நிறுவனம் அது. ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு எடுத்த பழைய வீடுதான் அலுவலகம். பின்வளவில் தகரம் போட்ட பெரிய களஞ்சியம். பூரணியின் கதிரையில் இருந்து திரும்பிப் பார்த்தால் ஒரு யன்னலில் களஞ்சியக் கதவும் மற்ற யன்னலில் துறைமுகத்துத் தண்ணீரும் தெரியும்.

அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் மூதூர். அங்கே களஞ்சியப் பொறுப்பாளர் ஜெமீல். மூதூருக்குச் சாமான் லாஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போக வேண்டும். லாஞ்சில் ஏற்றப் பாஸ் வேண்டும். படைக்காரரிடம் பாஸ் கேட்டுப் போனால், மூதூர்க் களஞ்சியம் இந்தச் சாமானை ஏற்றுக்கொண்டதாகக் கொம்பியூட்டரில் அடித்த தாளைக் கொண்டு வா என்பார்கள். சாமான் போய்ச் சேராமல் எப்படி ஐயா ஏற்றுக்கொள்வது? யாரிடம் போய் இதைக் கேட்பது? கேட்டு மாரடித்து அலுத்தபிறகு, பூரணியும் ஜெமீலும் தங்களுக்குள் ஒரு வழி கண்டுகொண்டார்கள். சாமான் ஓர்ஸ் ஹில்லில் இறங்கியதுமே, அது மூதூரில் கிடைத்துவிட்டதாகப் போட்டுவிடுவது. தாள் வரும், பாஸ் வரும், லாஞ்ச் போகும், சாமானும் பின்னால் போய்ச் சேரும். ஒருநாளும் பிசகியதில்லை.

ஆனால் கொம்பியூட்டரில் 'கிடைத்தது' என்ற பொத்தானை அமத்த வேண்டியவர் ஜெமீல். மூதூரில் கரண்ட் இருந்தால் லைன் இராது; லைன் இருந்தால் கரண்ட் இராது. ஒருநாள் ஜெமீலுக்கு வெறுத்துப் போய்விட்டது.

"தங்கச்சி, எண்ட பாஸ்வேட்ட உங்களுக்குச் சொல்றன். என்னோட போன்ல கதைச்சிட்டு நீங்களே அமத்துங்க. எனக்கு இந்த மிசினோட மல்லுக்கட்ட ஏலா."

"ஆருக்கும் சொல்லக் கூடாதெண்டு சட்டமிருக்கு, நானா." ஜெமீலின் ஊர்ப் பக்கம் அண்ணனுக்கு நானா, அக்காவுக்கு ராத்தா.

"நீங்க ஆரோவா? எழுதுங்க. நஜ்முன் நிஸா. இடைவெளி இல்ல."

"ஆர் அது?"

"எண்ட ஊட்டுக்காரி. அவவுக்குச் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்" என்று சொல்லிச் சிரித்தார் மனிதர்.

அன்றிலிருந்து பூரணி, தான் ஒருநாளும் கண்டிராத ஒரு பெண்ணின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டித்தான் மூதூர்க் களஞ்சியத்துக்குள் போய் வந்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆடி. மாரிக்கு முன்னால் கொடுத்து முடிக்க வேண்டும் என்று கூரைக்குப் போடுகிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, தறப்பாள், ஒரு லொறி நிறைய வந்தது. பூரணி வழமைபோல உட்கார்ந்து பிரித்தாள். குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சம், ஓர்ஸ் ஹில்லுக்குப் பேருக்கு ஒரு கட்டு, மீதி முழுவதும் மூதூருக்கு. மிச்சம் பூச்சியம். ஜெமீலுக்குப் போன் எடுத்தாள்.

"கிடைச்சிட்டு எண்டு போடுங்க தங்கச்சி. லாஞ்ச் நாளைக்கோ மத்தநாளோ வரும்தானே" என்றார் அவர். அவள் அப்படியே போட்டாள்.

லாஞ்ச் வரவில்லை. சண்டைதான் வந்தது. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இரவும் பகலும் இடித்தது. ஓர்ஸ் ஹில்லில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூதூர் போன்கள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போயின. பிறகு செய்தி வந்தது. மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு நடந்து, குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கந்தளாய்ப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடங்கள் நிறைந்து, மிச்சச் சனம் மரங்களுக்குக் கீழே கிடக்கிறது. பகலில் வெயில் காய்கிறது, பின்னேரமானால் மழை கொட்டுகிறது.

அந்தச் சனத்துக்குரிய தறப்பாள் முழுவதும் பூரணியின் யன்னலுக்கு வெளியே, ஓர்ஸ் ஹில் களஞ்சியத்தில், கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. கொம்பியூட்டரில் மட்டும் அது மூதூரில் இருந்தது. கொம்பியூட்டர்த் தாள் இல்லாமல் லொறியைச் சாவடியில் விடமாட்டார்கள்; அந்தத் தாளை எடுக்கக்கூடிய ஒரே ஒருவர் ஜெமீல். ஜெமீலைக் கண்டவர் யாருமில்லை. மனைவி பிள்ளைகளைச் சனத்தோடு அனுப்பிவிட்டு, "ஸ்டோரப் பூட்டிட்டு வாறன்" என்று திரும்பிப் போனாராம். அவ்வளவுதான் தெரியும்.

பூரணி கொழும்புக்குப் போன் எடுத்தாள். அங்கே களஞ்சியங்கள் எல்லாவற்றுக்கும் மேலதிகாரி குணரத்தினம். கண்டிப்பான மனிதர், ஆனால் கெட்டவர் அல்ல. முந்தி வேறொரு மாவட்டத்தில் ஒரு களஞ்சியமே காணாமல் போய், விசாரணையில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகுதான் பொறுப்பாளரின் பெயரில்லாமல் ஒரு துரும்பும் அசையாதபடி கொம்பியூட்டரை இறுக்கிப் பூட்டினார்.

"மூதூர்த் தறப்பாளைக் கந்தளாய்க்குக் குடுக்க வேணும் சேர்."

"அது மூதூரிலையெல்லோ இருக்கு, பூரணி? சண்டைக்குள்ள ஆர் போய் எடுக்கிறது?"

சாமான் இங்கேதான் கிடக்கிறது என்றால், பிறகு எப்படி மூதூரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கேட்பார். அதைச் சொன்னால் பாஸ்வேட் கதை வெளியே வரும். ஜெமீலின் வேலை போய்விடும். மனிதர் இருக்கிறாரோ இல்லையோ என்றே தெரியாத நேரத்தில் அவருடைய வேலைக்கும் உலை வைப்பதா?

"புதுசா ஒரு கட்டளை போடுவம். ரெண்டு கிழமையில வந்திடும்" என்றார் குணரத்தினம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெமீலைப் பற்றி ஏதும் தெரிய வந்ததோ? எனக்கு நித்திரையே இல்லை" என்றார்.

"இல்லை சேர்" என்றாள் பூரணி.

இரண்டு கிழமையாம்! பச்சைக் குழந்தை மழையில் இரண்டு கிழமை கிடக்குமா? பூரணி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து இருந்தாள். மறுபடி எழுந்தாள். கடைசியில், வாறது வரட்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டு, ஜெமீலின் பெயரை அடித்து, அதற்குக் கீழே அவருடைய மனைவியின் பெயரையும் அடித்தாள்.

இதற்கு முன் எத்தனையோ தரம் அடித்த பெயர்தான். அப்போதெல்லாம் மறுமுனையில் ஜெமீலின் குரல் இருந்தது. இன்றைக்கு இறந்த வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறவள்போல அவளுக்கு உடம்பு கூசியது. "நானா, கோவிக்காதையுங்கோ" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அலுவலகத்துச் சின்ன லொறி கொள்ளுமளவுக்குக் கந்தளாய் முகாமுக்குக் கொடுத்ததாகப் போட்டு, பொத்தானை அமத்தினாள். மேலே பச்சை எழுத்தில் வந்தது: கொடுத்தவர், ஜெமீல்.

லொறிக்காரர் குலசிங்கத்தை அவசரப்படுத்தி ஏற்றுவித்து, தானும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். "நீங்கள் எதுக்குப் பிள்ளை இந்த வெயிலுக்குள்ள?" என்று அவர் கேட்டார். அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பாதி வழியில் போன் அடித்தது. குணரத்தினம். அவர் இப்படிச் சத்தமாகப் பேசி அவள் கேட்டதேயில்லை.

"பூரணி! ஜெமீல் உயிரோட இருக்கிறார்! இண்டைக்குக் காலமை கொம்பியூட்டருக்குள்ள வந்திருக்கிறார். தறப்பாள் கூடக் குடுத்திருக்கிறார்! எங்கையிருந்து செய்தாரோ தெரியேல்லை, மனிசன் வலு கெட்டிக்காரன். நான் உடனே அவற்ற மனிசிக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். பாவம், அந்த மனிசியால கதைக்கவே ஏலாமல் போச்சு."

பூரணி "சேர், அது வந்து..." என்று தொடங்கினாள். அதற்குள் சோதனைச் சாவடி வந்துவிட்டது. போனை நிறுத்து, இறங்கு என்றார்கள். ஒவ்வொரு கட்டாக இறக்கிப் பார்த்து ஏற்றி முடித்தபிறகு அவர்கள் போனதோ போன் பிடிக்காத பாதை.

"முகம் ஏன் இப்பிடி வெளுத்துப்போச்சு? தலைச்சுத்தோ?" என்றார் குலசிங்கம்.

"ஒரு மனிசிக்குப் பெரிய பாவம் செய்திட்டன் அண்ணை. கெதியாப் போங்கோ."

அவர் வேகத்தைக் கூட்டினார்.

பள்ளிக்கூட வளவுக்குள் லொறி நுழைந்ததும் சனம் மொய்த்துக்கொண்டது. "ஜெமீல் நானா அனுப்பின சாமான்!" என்று யாரோ கத்தினார்கள். கதை அதற்குள் முகாம் முழுவதும் பரவிவிட்டது. ஜெமீல் மௌத்தாகவில்லை, எங்கேயோ இருந்துகொண்டு தன்னுடைய ஊருக்குத் தறப்பாள் அனுப்புகிறார்! பூரணி குலசிங்கத்தைப் பங்கிடச் சொல்லிவிட்டு, நஜ்முன் நிஸா எங்கே என்று விசாரித்துப் போனாள்.

மதிலோரம் இரண்டு சேலைகளைக் கயிற்றில் கட்டி மறைத்திருந்தது. உள்ளே பிள்ளைகள் இருவர் அலுமினியத் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், தலையில் முக்காடிட்ட, ஒல்லியான ஒரு பெண். இத்தனை காலம் பெயராக மட்டும் இருந்தவளுக்கு இப்போது ஒரு முகம் வந்தது.

"நான் பூரணி. ஓர்ஸ் ஹில் ஒப்பிசில இருந்து."

"தெரியும், வாங்க. வாய் ஓயாம உங்களப் பத்திச் சொல்லுவார். கொம்பியூட்டரோட சண்ட புடிக்கிற தங்கச்சி எண்டு."

அதைக் கேட்டதும் பூரணிக்குப் பொல பொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கேட்காமல் அவளை மதிலின் மற்ற மூலைக்குக் கூட்டிப் போனாள்.

"ராத்தா, காலமை கொம்பியூட்டருக்குள்ள வந்தது ஜெமீல் நானா இல்லை. நான். அவற்ற பேரில நான்தான் அமத்தினனான். தறப்பாள் உங்களுக்கு வரவேணுமெண்டு செய்தன். கொழும்பில அதைப் பார்த்து உங்களுக்குச் சொல்லுவினமெண்டு சத்தியமா நினைக்கேல்லை. அவரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது ராத்தா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நஜ்முன் நிஸா அழவில்லை, கத்தவில்லை. முக்காட்டை இழுத்துச் சரி செய்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"மிசினுக்குள்ள வந்தது அவர் இல்லயெண்டு தெரியும். மிசினுக்கிட்டப் போக ஏலுமெண்டா, அதுக்கு முந்தி எனக்கிட்டக் கதைச்சிருப்பார். வேல முடிஞ்சி ஊட்ட வர அஞ்சி நிமிசம் பிந்தினாலும் போன் எடுக்கிற மனிசன் அவர். ஆனா அந்தக் கொழும்பு ஐயா எவ்வளவு சந்தோசமாச் சொன்னார் தெரியுமா? நான் எப்பிடி அவர்ட வாய அடைக்கிற?" பிள்ளைகள் பக்கம் கண்ணைக் காட்டினாள். "வாப்பா இருக்கார் எண்டு அதுகளுக்குச் சொன்னன். வந்த நாளிலருந்து ஒருவாய் திங்காம கிடந்ததுகள் இண்டைக்குத்தான் சோறு திங்குதுகள். அதுக்காகப் பேசாம இருந்திட்டன். நானும் பொய்தானே சொல்லிருக்கன், தங்கச்சி?"

பூரணி அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவது? இருந்த ஒன்றைச் சொன்னாள்.

"அவற்ற பாஸ்வேட் என்ன தெரியுமோ ராத்தா? உங்கட பேர். அதை அடிச்சால்தான் ஸ்டோர் திறக்கும். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு என்னட்டச் சொன்னவர்."

"எண்ட பேரயா?" என்றாள் நஜ்முன் நிஸா. "எண்ட பேரயா போட்டிருக்கார்?" அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். மதிலில் தலையை வைத்துச் சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

வெளிக்கிடும்போது பூரணி ஒரு தறப்பாளை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் கை நீட்டவில்லை.

"ஸ்டோர்காரன் ஊட்டுக்கு ஸ்டோர்ச் சாமான் வரப்படா எண்டு அவர் சொல்லுவார். மத்த ஆக்களுக்குக் குடுங்க. எனக்கு ஒண்டு மட்டும் செய்ங்க. அவர்ட பேர அந்த மிசினில இருந்து எடுத்திடாதீங்க. அவர் வந்து சேரும்வரைக்கும் கிடக்கட்டும்."

"எடுக்க விடமாட்டன் ராத்தா" என்று வாக்குக் கொடுத்தாள் பூரணி.

அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாகப் பூரணி கொழும்புக்குப் போன் எடுத்து, ஒன்றுவிடாமல் கக்கிவிட்டாள். முன்கூட்டி ஏற்றுக்கொண்டது, பாஸ்வேட், காலையில் அமத்தியது, எல்லாம்.

"ஐயோ, நான் அந்த மனிசிக்கு என்னத்தைச் சொல்லிப்போட்டன்" என்றார் குணரத்தினம். அவருக்கு முதலில் வந்தது அந்தக் கவலைதான். அதற்காகவே பூரணி அவரை அன்றைக்கு மனதுக்குள் கும்பிட்டாள். பிறகு பேச்சு விழுந்தது, நல்லாகவே விழுந்தது. எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். பாஸ்வேட் வெளியே போனால் அந்தப் பேரை உடனே நீக்க வேண்டும், அதுதான் சட்டம் என்றார்.

"எனக்கு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ சேர். அந்தப் பேரை மட்டும் எடுக்காதையுங்கோ. நான் அந்த மனிசிக்கு வாக்குக் குடுத்திட்டன்."

குணரத்தினம் பெருமூச்சு விட்டார். "அங்க கிடந்த அரிசி, பாயைச் சண்டையில போனதெண்டு நான் கழிச்சுவிடுறன். அதைவிட மூதூர்க் கணக்கில இப்ப மிச்சம் இருக்கோ?"

"ஒரு கட்டு லொறியில கொள்ளேல்லை சேர்."

"அப்ப நீக்கேலாது. மிச்சம் இருக்கிற களஞ்சியத்தின்ர பொறுப்பாளரை நீக்க அது விடாது. நான்தான் அப்பிடிப் பூட்டி வைச்சனான்." பிறகு சொன்னார்: "வாற சனத்துக்குக் குடும். எனக்கு ஒவ்வொரு தரமும் சொல்லிப்போட்டுக் குடும். பூச்சியமாக்கிப் போடாதையும், விளங்கினதோ?"

விளங்காமல் என்ன? மிச்சத்தைப் பூச்சியமாக்கச் சண்டை பிடித்தவள், இப்போது பூச்சியமாகாமல் காவல் இருந்தாள். முகாமுக்குப் புதிதாகச் சனம் வந்துகொண்டேயிருந்தது. கட்டைப் பிரித்து ஒன்று ஒன்றாகக் கொடுத்து, கடைசியில் ஒரே ஒரு தறப்பாள் எஞ்சியது. அதைப் பொலித்தீன் பையில் சுற்றித் தன்னுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். காலையில் வந்ததும் திரையைத் திறந்து மூதூரைப் பார்ப்பாள். மிச்சம், ஒன்று. அதைக் கண்டால்தான் அன்றைக்கு வேலை ஓடும்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கிற நேரம், போன் அடித்தது. நஜ்முன் நிஸாவின் இலக்கம். அவள் தானாக எடுக்கிறவள் அல்ல.

"தங்கச்சி..." என்றாள். "இனி நீங்க அவர்ட பேருக்குள்ள போக வேணாம்."

பூரணி பார்சலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ராத்தா, ஐயோ ராத்தா" என்று மட்டும் சொன்னாள். அங்கே விம்மலும் பிள்ளைகள் கூச்சலும் கேட்டன. போன் கை மாறியது.

"என்ன தங்கச்சி, நான் இல்லாத நேரத்தில எண்ட ஸ்டோர முழுசாக் குடுத்து முடிச்சிட்டீங்களாம்?"

கரகரத்துப்போன குரல், ஆனால் அந்தச் சிரிப்பு மாறவில்லை. பூரணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கதிரையில் விழுந்து, சின்னப் பிள்ளைபோல வீரிட்டு அழுதாள். பக்கத்து அறைக்காரர்கள் கொம்பியூட்டரோடு இன்றைக்குப் பெரிய சண்டையாக்கும் என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டு அப்படியே நின்றார்கள்.

ஸ்டோரைப் பூட்டப் போன மனிதர் அதைத் திறந்து விட்டாராம். அரிசி, பருப்பு, பாய், இருந்த எல்லாவற்றையும் ஓடுகிற சனத்துக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டுத் திரும்பும்போது காலில் வெடி பட்டுவிட்டது. யாரோ தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் போனும் இல்லை, காய்ச்சலில் கிடந்த அவருக்கு நினைவும் இல்லை. இப்போது பொல்லூன்றி நடக்கிறாராம்.

"துண்டு எழுதாம, கையெழுத்து வாங்காமக் குடுத்திட்டன். அத எப்பிடி மிசினில போடுற?" என்று கேட்டார்.

"அதைச் சேர் எப்பவோ கழிச்சிட்டார் நானா! இஞ்ச ஒரு தறப்பாள் மிச்சம் வைச்சிருக்கிறன். உங்களுக்குத்தான். ராத்தா வேண்டாமெண்டவ, பிள்ளையள் இன்னும் சேலைக்குக் கீழதான் படுக்குதுகள். இப்பவே உங்கட பேரில போடுறன்."

"எண்ட பேரில எனக்கே குடுக்கிறதா? அது சரிவராது."

"இந்த நேரத்திலையும் உங்கட சட்டமோ?"

"கேளுங்க. மூதூரில இருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு மாத்துங்க. பிறகு உங்கட பேரில எனக்குக் குடுங்க. உங்கட கையால வந்தா நான் வாங்குவன்."

பூரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டாள். கடைசித் தரமாக நஜ்முன் நிஸா என்று அடித்து மூதூருக்குள் போனாள். ஒன்றை எடுத்து ஓர்ஸ் ஹில்லுக்கு மாற்றினாள். வெளியே வந்து, தன்னுடைய பெயரில் உள்ளே போனாள். கொடுத்தவர், பூரணி. வாங்கியவர், ஜெமீல், மூதூர்.

"இப்ப மூதூரில மிச்சம் என்ன காட்டுது?" என்று போனில் கேட்டார் ஜெமீல்.

"பூச்சியம், நானா" என்றாள் பூரணி. அலுமாரியைத் திறந்து தறப்பாளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குலசிங்கம் லொறியோடு நிற்கிறாரா என்று யன்னலால் எட்டிப் பார்த்தாள்.